எடை குறைக்கும் கத்தி: ஓர் அறச் சிந்தனை

நோய் வந்தால் மருந்து உண்பதும், மருந்துக்கு அடங்காவிடில் அறுவைக்கு உடன்படுவதும் நமக்குப் புதியன அல்ல. கண்ணில் புரை விழுந்தால் அகற்றிக்கொள்கிறோம். குடல்வால் அழற்சி கண்டால் அன்றிரவே அறுவைக்கூடம் புகுகிறோம். இவற்றைக் குறித்து எவரும் அறநெறி பேசி வழக்காடுவதில்லை. ஆனால் உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்ட அளவில் நம் முகக்குறிப்பு மாறிவிடுகிறது. "வாயைக் கட்டினால் போதாதா? இதற்குமா கத்தி?" என்ற வினா முந்திக்கொண்டு வருகிறது. அவ்வினாவில் மருத்துவம் குறைவு, தீர்ப்பு மிகுதி. அத்தீர்ப்பு நியாயமானதுதானா என்பதையும், அறுவைக்கு உடன்படுவதா மறுப்பதா என முடிவு செய்ய வேண்டியவர் எவற்றை நிறுத்துப் பார்த்தல் வேண்டும் என்பதையும் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருள் நமக்கு அயலானது அன்று. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாடு முழுமையிலும் பெண்களில் நூற்றுக்கு 24 பேரும் ஆண்களில் ஏறத்தாழ 23 பேரும் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். தமிழ்நாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் பெண்களில் 40 பேர், ஆண்களில் 37 பேர். டெல்லியிலோ பெண்களில் 41 பேர், ஆண்களில் 38 பேர். பிறந்த மண்ணும் பிழைக்க வந்த மண்ணும் இந்த ஒரு செய்தியில் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. நாற்காலியில் அமர்ந்தே செய்யும் வேலையும், பேருந்திலும் மெட்ரோவிலும் கழியும் பொழுதும், இரவு ஒன்பது மணிக்குமேல் உண்ணும் பெருஞ்சோறும் நம்மிற் பலருடைய அன்றாட வாழ்க்கை. இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. விடுப்பில் ஊருக்குச் சென்றால், "இளைத்துப் போய்விட்டாயே, அங்கே சரியான சாப்பாடு இல்லையா?" என்று பெரியம்மாவும் அத்தையும் இரங்குவர். சதை பிடித்திருந்தால், பையன் நன்றாக இருக்கிறான் என்று மகிழ்வர். பசியும் பஞ்சமும் கண்ட தலைமுறைக்கு உடலின் பெருக்கம் செழிப்பின் அடையாளமாக இருந்தது. அதே உடல் நாற்பது வயதில் நோய்க்குறியாக மாறுகையில், முன்பு மெச்சிய உலகமே பழிக்கவும் தொடங்குகிறது.

அலுவலகக் கோப்பு ஒன்று மேலதிகாரியிடம் செல்லுமுன், உண்மை நிலை யாது, விதி யாது, விளைவு யாது என வரிசையாகக் குறிப்பு எழுதுவோம். அதன் பின்னரே பரிந்துரை. இவ்வழக்கிலும் அம்முறையைப் பின்பற்றுவது நன்று.

முதலில் அளவுகோல். எடையைக் கிலோவில் கொண்டு, அதனை மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் அடால்ஃப் கெத்தலே கண்ட இக்கணக்குக்கு இன்றுள்ள பெயரைச் சூட்டியவர் அமெரிக்கரான ஆன்செல் கீஸ், ஆண்டு 1972. கெத்தலே மக்கள்தொகையின் சராசரியை ஆராய்ந்தாரேயன்றித் தனி மனிதரின் நோயை அளக்க முயன்றாரல்லர். இவ்வெண்ணின் குறைபாட்டைப் புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்ஞிக்கும் இங்கிலாந்து மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் ஒரே நிழற்படத்தால் உணர்த்தினர். இருவருக்கும் குறியீட்டெண் 22.3தான், ஆயினும் யுட்கின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, யாக்ஞிக் உடலில் 21.2 பங்கு. இந்தியர் உடலில் கொழுப்பு, குறிப்பாக வயிற்றுப் பகுதியில், குறைந்த எடையிலேயே சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் 2009இல் இந்திய மருத்துவ அறிஞர்கள் கூடிப் பருமனின் எல்லையை 25 என வகுத்தனர். எண் ஒரு கைகாட்டி. அதையே ஊர் என்று கொள்ளலாகாது.

அடுத்து விதி. 1991இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய அறிஞர் குழு, குறியீட்டெண் 40க்கு மேற்பட்டோரும், கடும் நோய்களுடன் 35க்கு மேற்பட்டோரும் அறுவைக்கு உரியர் என்றது. 2022இல் பன்னாட்டு அறுவை மருத்துவச் சங்கங்கள் இவ்வெல்லையைத் தளர்த்தின. ஆசிய மக்களுக்கு 27.5லிருந்தே அறுவையைக் கருதலாம் என்றன. நம் நாட்டுக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமோ 2019இல் வகுத்த விதியில், பழைய 40, 35 ஆகிய எல்லைகளையே காப்பீட்டுத் தொகைக்கு நிபந்தனையாக வைத்தது. மருத்துவர் கூடும் என்பதைக் காப்பீட்டு நிறுவனம் கூடாது எனக்கூடும் என்பதை நடுத்தரக் குடும்பத்தினர் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

இனி அறுவையின் தன்மை. இன்று பெருவழக்காக உள்ளவை இரண்டு. ஒன்றில், இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்குமேல் வெட்டி அகற்றப்பட்டு, எஞ்சியது ஒரு குறுகிய குழல்போல் ஆக்கப்படும். வெட்டியது வெட்டியதுதான்; மீண்டும் ஒட்ட இயலாது. மற்றொன்றில், இரைப்பையின் மேற்புறத்தில் ஒரு சிறு பை மட்டும் பிரிக்கப்பட்டுச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கப்படும். உணவு பழைய பாதையைச் சுற்றிக்கொண்டு செல்லும். இவ்வகைச் சிகிச்சைக்கு வித்திட்டவர் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து எட்வர்ட் மேசன். காலம் 1960களின் நடுப்பகுதி. நம் நாட்டில் இது பரவலாகப் பேசப்பட்டது 2011இல் நிதின் கட்காரியும் 2014இல் அருண் ஜெட்லியும் இவ்வகை அறுவை செய்துகொண்ட செய்தி நாளேடுகளில் வெளிவந்தபோதுதான்.

விளைவுகளை இரு பக்கமும் காண வேண்டும். சுவீடனில் 1987இல் தொடங்கிய பேராய்வு, அறுவை செய்துகொண்ட இரண்டாயிரம் பேரையும் செய்துகொள்ளாத இரண்டாயிரம் பேரையும் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வயது முதலிய வேறுபாடுகளைக் கழித்துப் பார்க்கையில், அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு நூற்றுக்கு 29 பங்கு குறைவு என்று 2007இல் அறிவித்தது. நீரிழிவு பலருக்குத் தணிகிறது. சிலருக்கு எடை குறையத் தொடங்குமுன்னரே சர்க்கரை இறங்கிவிடுகிறது. இது நன்மைப் பக்கம். மறுபக்கம், 2009இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், அறுவைக்குப் பின் முப்பது நாள்களுக்குள் இறந்தோர் ஆயிரத்துக்கு மூவர். எண் சிறிதுதான், ஆயினும் அம்மூவரும் ஏதோ ஒரு வீட்டின் விளக்குகள். 2024இல் சென்னையில் ஓர் இளைஞர் எடைக்குறைப்பு அறுவையின்போது உயிரிழந்த செய்தியைப் படித்த எவரும் இதனை மறந்திருக்க முடியாது. உயிர் பிழைத்தோர்க்கும் கடமைகள் உண்டு. பி12, இரும்பு, கால்சியம் முதலிய சத்துகளை வாழ்நாள் முழுதும் மாத்திரையாக உண்ண வேண்டும். ஆண்டுதோறும் குருதிச் சோதனை வேண்டும். சில திங்கள் முடி உதிரலாம்; பித்தப்பையில் கல் தோன்றலாம்; சிலருக்கு நெஞ்செரிச்சல் நிலைத்துவிடும். பழைய பழக்கம் திரும்பினால் எடையும் மெல்லத் திரும்பும்.

இவ்வளவும் செய்திகள். இனி இவற்றின்மேல் எழும் அறக்கேள்விகளுக்கு வருவோம்.

முதற் கேள்வி: மன உறுதியால் முடிக்க வேண்டியதைக் கத்தியால் முடிப்பது கோழைத்தனம் அன்றோ? அடங்காப் பசி குணக்கேடு மட்டுமே என்று நம் முன்னோர் கருதினாரல்லர். மணிமேகலைக் காப்பியத்தில் வரும் காயசண்டிகையை நினைவுகூர்வோம். எத்துணை உண்டாலும் ஆறாத பசி பன்னிரண்டு ஆண்டுகள் அவளை வாட்டுகிறது. சாத்தனார் அதற்கு யானைத்தீ என்று ஒரு நோய்ப்பெயரே தருகிறார். முனிவர் சாபம் அதன் காரணமாகக் கூறப்படுகிறது; ஆயினும் புகார் நகரத்தார் எவரும் அவளை நோக்கி, வாயைக் கட்டு என்று அறிவுரை கூறியதாகக் காப்பியத்தில் இல்லை. அமுதசுரபியின் உணவே அவளுக்கு மருந்தாகிறது.

இன்றைய அறிவியல் வேறு மொழியில் இதற்கு அணுக்கமான ஒன்றைச் சொல்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பினை 1999இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தனர். அது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் ஊறுவது. 2011இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள், உணவைக் கடுமையாகக் குறைத்து எடை இழந்தவர்களைச் சோதித்தனர். ஓராண்டு கழிந்த பின்னும் பசியைத் தூண்டும் சுரப்புகள் தணியாமல் உயர்ந்தே இருந்தன. இழந்த எடையை மீட்க உடலே உள்ளிருந்து போராடுகிறது என்பது இதன் பொருள். பட்டினி கிடந்து பத்துக் கிலோ குறைத்தவர் ஈராண்டில் பன்னிரண்டு கிலோ ஏறிவிட்டால், அவர் உறுதியற்றவர் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அவர் ஒவ்வொரு நாளும் எதிர்த்து நின்ற பசி நமக்கு வந்ததில்லை என்பதை மறந்துவிடுகிறோம். முயற்சியே வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. நடையும் அளவான உணவும் எல்லார்க்கும் முதல் மருந்து. அவற்றை முறையாக முயன்று பாராமல் அறுவையை நாடுவது முறையாகாது. முயன்றும் தோற்றவரைப் பழிப்பது அதனினும் முறையாகாது.

மேலும், அறுவை செய்துகொண்டவர் எளிய வழியில் சென்றார் என்பதும் உண்மையன்று. முதல் இரு வாரங்கள் நீர்த்த உணவே. பின்னர் மசித்த உணவு. அதன் பின்னரும் ஒரு வேளைக்குச் சிறு கிண்ண அளவே கொள்ளும். ஒவ்வொரு வாயையும் கூழாக மென்று விழுங்க வேண்டும். நாளொன்றுக்கு அறுபது கிராம் அளவுக்குப் புரதம் வேண்டும் என்பர். சைவ உணவினர்க்குச் சோறும் சாம்பாரும் அதனைத் தாரா. பருப்பு, தயிர், பன்னீர், சோயா என்று சமையலறையின் வரிசையே மாற வேண்டும். இத்தனையும் வாழ்நாள் நோன்பு. மன உறுதி வேண்டாம் என்று எண்ணி அறுவைக்குச் செல்பவர் பின்னர் ஏமாறுவார்.

இரண்டாம் கேள்வி இதனினும் ஆழமானது: நோயற்ற ஓர் உறுப்பை வெட்டி எறியலாமா? குடல்வால் அழுகியதால் அகற்றப்படுகிறது. இரைப்பையோ தன் கடமையைச் செவ்வனே செய்துகொண்டிருக்கிறது. உடலை இழிவென்று முதலில் எண்ணி, பின்னர் அதனுள்ளே இறைவன் குடியிருக்கக் கண்டு அதனைப் பேணத் தொடங்கிய திருமூலர் வழியில் வந்தோர்க்கு இத்தயக்கம் இயல்பே. இதனை எள்ளி நகைப்பது தகாது. ஆயினும், தாய் தன் நலமான சிறுநீரகம் ஒன்றை மகனுக்கு அளிக்கும்போது நாம் அவளை வணங்குகிறோம். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையிலும் நலமான உறுப்பிலேயே கத்தி படுகிறது. அரசே அதனை ஊக்குவிக்கிறது. ஆகவே, நலமான உறுப்பைத் தொடுதல் எக்காலும் பிழை என்ற பொதுவிதி நம்மிடம் இல்லை. எதன்பொருட்டுத் தொடுகிறோம், அதனால் வரும் நன்மை இழப்பினும் பெரிதா, இழப்பவர் தம் விருப்பத்தால் இசைந்தாரா என்பனவே நாம் உண்மையில் கைக்கொள்ளும் அளவைகள்.

இவ்வளவைகளை இருவர்மீது வைத்துப் பார்ப்போம். இருவரும் கற்பனை மாந்தரே. எனினும் நம் குடியிருப்புகளில் இவர்களைப் போன்றோரைக் காண்பது அரிதன்று.

ஒருவர் 45 வயதுக் குடும்பத்தலைவி. உயரம் 156 சென்டிமீட்டர், எடை 104 கிலோ, குறியீட்டெண் 42.7. பத்தாண்டு நீரிழிவு, இன்சுலினும் ஏறிக்கொண்டே போகிறது. உறக்கத்தில் மூச்சு தடைப்பட்டு விழித்துக்கொள்கிறார். மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏறுவதற்குள் இரு முறை அமர்கிறார். உணவுக் கட்டுப்பாட்டை மூன்று முறை முயன்று மூன்று முறையும் தோற்றவர். மருத்துவர் அறுவையைப் பரிந்துரைத்தபின் அவர் சொல்லும் மறுமொழி: "மகளின் கல்லூரிக் கட்டணம் நிற்கிறது. என் வயிற்றுக்கா இலட்சக்கணக்கில் செலவழிப்பது?"

மற்றவர் 22 வயது மங்கை. உயரம் 160, எடை 66 கிலோ, குறியீட்டெண் 25.8. நோய் ஏதுமில்லை. பெண் பார்க்க வந்த இரு வீட்டார் உடம்பைச் சுட்டிக்காட்டி மறுத்துவிட்டனர். விளம்பரத்தில் முன்னும் பின்னுமாகப் போட்ட நிழற்படங்களைக் கண்ட பெற்றோர், திருமணத்துக்கு முன் இதை முடித்துவிடலாம் என்கின்றனர். அவளும், சரி அப்பா, என்று தலையாட்டுகிறாள்.

முதலாமவர் தம்மைக் கடைசியில் வைத்துக் கணக்கிடுகிறார். நம் பெண்டிர் பலர்க்கு அது பழகிப்போன கணக்கு. ஆனால் கட்டணம் கட்டிய மகள் பட்டம் பெறும் நாளில் தாய் டயாலிசிஸ் கட்டிலில் கிடந்தால் அச்சேமிப்பு எதற்காயிற்று? தம் உடலுக்குச் செலவழிப்பது தன்னலம் என்ற எண்ணத்தை அவர் களைதல் வேண்டும். அதனைக் களைய உதவுவது கணவரின் கடமை. அச்சம் நீங்கி, செய்திகளை அறிந்து, அதன் பின்னும் வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவும் மதிக்கத்தக்க முடிவே. உயிர்க்கேடு ஆயிரத்துக்கு மூன்றேயாயினும் அதனை ஏற்க வேண்டியவர் அவரே, நாமல்லோம்.

இரண்டாமவர் நிலையில் விதியே இடந்தரவில்லை. எடை இன்னும் சில கிலோ கூடி விதி இடந்தந்ததாகவே வைத்துக்கொண்டாலும் நம் ஐயம் தீராது. அவளிடம் தீர்க்கப்பட வேண்டிய நோய் எது? நோய் பெண் பார்க்க வந்தவர்களின் பார்வையிலன்றோ இருக்கிறது! அறுவைக்குப் பின் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரித்தலைத் தள்ளிப்போடுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். மணமான மறு திங்களே, விசேஷம் உண்டா, என்று கேட்கும் புகுந்த வீட்டில் அவள் என்ன மறுமொழி கூறுவாள்? அறுவையைச் சொல்லி மணமுடிப்பதா, மறைத்து மணமுடிப்பதா? சொன்னால் வரன் கலையும் என்று மறைப்பார்களாயின், வாழ்நாள் மாத்திரையையும் மறைத்தே உண்ண வேண்டியிருக்கும். தந்தைக்குத் தலையாட்டியது இசைவாகாது. மறுத்தாலும் அன்பு குறையாது என்ற உறுதி உள்ள இடத்தில் சொல்லும் சம்மதமே சம்மதம்.

இருவர்க்கும் கத்தி ஒன்றே. ஒருவர்க்கு அது நோயிலிருந்து விடுதலையளிக்கக்கூடும். மற்றவர்க்கு அது பிறர் கண்ணுக்கு இடும் காணிக்கை. ஆகவே, இவ்வறுவை நல்லதா தீயதா என்று பொதுப்படக் கேட்பதில் பயனில்லை. வெட்கத்தால் எடுக்கும் முடிவு எப்பக்கம் சாய்ந்தாலும் தவறாகவே முடியும். பிறர் நகைப்பரே என்று அறுவைக்கு ஓடுவதும், கத்தி வைத்துத்தான் இளைத்தார் என்பரே என்று வேண்டிய அறுவையைத் தவிர்ப்பதும் அவ்வெட்கத்தின் இரு முகங்கள்.

அண்மையில் மூன்றாம் வழியொன்றும் திறந்துள்ளது. செமாக்ளூட்டைடு, திர்செப்படைடு என்னும் வாராந்திர ஊசிமருந்துகள் எடைக்குறைப்புக்கென 2025இல் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தன. கத்தியின்றியே பசியைத் தணிப்பவை இவை. ஆயினும் செமாக்ளூட்டைடு மருந்தை நிறுத்தி ஓராண்டு ஆனவர்களை ஆராய்ந்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பிவிட்டதாக 2022இல் வெளியான ஆய்வு கூறியது. ஆதலின், ஒரு முறை கத்தியா, நெடுங்காலம் ஊசியா என்பதும் நிறுத்துப் பார்க்க வேண்டியதே. எந்த வழியிலும் இது விரைவில் முடிந்துபோகும் காரியமன்று என்பதை மனத்திற்கொள்ளல் வேண்டும்.

முடிவெடுப்பவர் ஒருவரேயாயினும் அதனைத் தாங்க வேண்டியவர் பலர். மருத்துவர் உடலைக் கீறினாலும் அவரிடம் பற்று நீங்காத நோயாளியைக் குலசேகர ஆழ்வார் தம் பக்திக்கு உவமையாக்கினார். அத்தகைய பற்றுக்கு இம்மருத்துவர் உரியவர்தாமா என்று தேர்ந்து தெளிய வேண்டிய காலம் நம்முடையது. இத்தகைய அறுவைகள் எத்தனை செய்தார், ஊட்டச்சத்து வல்லுநர் உடனுள்ளாரா, ஐந்தாண்டுக்குப் பின்னும் நோயாளியைப் பார்ப்பாரா என்று கேட்டல் அவமதிப்பாகாது. அவற்றுக்குச் சினக்கும் மருத்துவரிடம் செல்லாதிருப்பதே நன்று. இன்னொருவர் கருத்தையும் கேட்டறிதல் வேண்டும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பேணுபவரையும் சேர்த்தே மருத்துவத்தை நான்கு கூறாக்கினார். மாமியும் சித்தியும் அடுத்த தெருவில் இல்லாத வெளியூர் வாழ்க்கையில் அந்த நான்காம் கூறு பெரிதும் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அண்டை வீட்டார் ஆகியோர் தலையிலேயே விழுகிறது. அறுவை நாளைக் குறிக்குமுன் அவர்களையும் கேட்க வேண்டும்: ஒரு திங்கள் அடுப்பைப் பார்ப்பவர் யார்? ஒருவர்க்குக் கஞ்சியும் மற்றவர்க்குப் பூரியுமாக ஒரே மேசையில் உண்ண இவ்வீட்டார்க்கு மனம் ஒப்புமா?

நம் சங்கங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பொங்கல் விருந்திலும் திருமணப் பந்தியிலும், போதும் என்று கைகாட்டியவர் இலையில் இன்னொரு கரண்டி இடுவதை அன்பென்று எண்ணியே நாம் வளர்ந்தோம். அறுவை செய்துகொண்டவர்க்கு அந்த ஒரு கரண்டி வாந்தியாகவும் வலியாகவும் முடியும். அவர் போதும் என்றால் காரணம் கேளாமல் அடுத்த இலைக்கு நகர்வதும் விருந்தோம்பலே. இளைத்தவரைக் கண்டு, எத்தனை கிலோ குறைந்தது, எவ்வளவு செலவாயிற்று என்று கூட்டத்தில் உரக்கக் கேளாதிருப்பதும், பருத்த பிள்ளையைப் பட்டப்பெயரிட்டு அழையாதிருப்பதும் நம்மால் இன்றே இயல்வன. நம் பார்வையின் சுமை குறையுமாயின், நம் நடுவே இருக்கும் ஒரு தாயும் ஒரு மகளும் தத்தம் உடலுக்கு வேண்டுவது எது என்பதை அச்சமின்றி எண்ணிப் பார்க்க அது பெருந்துணையாகும்.